டோனர் யார் என்று குழந்தை கேட்டால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மகளுக்கு ஒன்பது வயது. டோனர் முட்டையில் உருவானவள். முட்டை வேறொரு பெண் கொடுத்தது, விந்தணு என் கணவருடையது, சுமந்து பெற்றது நான். வீட்டில் இதை மறைத்து வைக்கவில்லை. அது வெளியே தெரிந்ததிலிருந்து பலர் போன் செய்கிறார்கள். பெரும்பாலும் ராத்திரி பத்து மணிக்கு மேல், மொட்டை மாடியில் நின்றுகொண்டு, கீழே இருப்பவர்களுக்குக் கேட்காதபடி பேசுவார்கள். கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் எழுதி வைக்கிறேன். நான் டாக்டரோ வக்கீலோ அல்ல. சட்டத்தையும் மற்ற நாடுகளின் அனுபவத்தையும் எனக்காகத் தேடிப் படித்தவள், அவ்வளவுதான். எழுதலாமா என்று மகளிடம் கேட்டேன். "என் பேரை மட்டும் போடாதே" என்றாள். போடவில்லை.

டோனர் யார் என்று எங்களுக்குச் சொல்வார்களா?

சொல்ல மாட்டார்கள். 2021-ல் இயற்றி 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் (எல்லோரும் ஏ.ஆர்.டி சட்டம் என்பார்கள்) இதில் கறாராக இருக்கிறது. டோனரைத் தேர்ந்தெடுப்பது, பரிசோதிப்பது எல்லாம் பதிவு பெற்ற வங்கியின் (முட்டை, விந்தணுவை வாங்கிக் கொடுக்கும் நிலையம்) வேலை. வங்கி டோனரின் பெயர், ஆதார் எண், முகவரி எல்லாவற்றையும் வாங்கி வைத்திருக்கும். ஆனால் அந்த விவரம் வெளியே வர மூன்றே வழிதான்: தேசியப் பதிவேட்டுக்குப் போவது, மருத்துவ அவசரத்தில் சம்பந்தப்பட்டவர் கேட்பது, நீதிமன்ற உத்தரவு.

நமக்குக் கிடைப்பது பொதுவான விவரம். எனக்குக் கொடுத்தது பாதித் தாள். வயது 26. உயரம் 158 செ.மீ. ரத்தப் பிரிவு ஓ பாசிட்டிவ். நிறம் மாநிறம். படிப்பு பத்தாம் வகுப்பு. ஒரு குழந்தை, வயது 4. கீழே ஒரு எண். அந்தப் பெண்ணைப் பற்றி என் கையில் இருப்பது இவ்வளவுதான். வாங்கும்போது அதைச் சரியாகப் படிக்கக்கூட இல்லை, கருத்தரித்தால் போதும் என்ற நிலையில் இருந்தேன். ஃபைலில் செருகிவிட்டு வந்துவிட்டேன். பிறகு எத்தனை தடவை எடுத்துப் படித்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை.

நாளைக்கு டோனர் வந்து "என் குழந்தை" என்று கேட்டால்?

கேட்க முடியாது. சட்டத்தின் 31-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: இப்படிப் பிறக்கும் குழந்தை, சிகிச்சை எடுத்த தம்பதியின் சொந்தக் குழந்தையாகவே கருதப்படும், சொத்துரிமை உட்பட எல்லா உரிமையும் உண்டு, டோனர் பெற்றோர் உரிமை அனைத்தையும் விட்டுக்கொடுக்க வேண்டும்.

இது ஏட்டில் மட்டும் இல்லை. 2024 ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. ஒரு தம்பதிக்கு, மனைவியின் தங்கை கொடுத்த முட்டையில், வாடகைத் தாய் மூலம் 2019-ல் இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தன. பிறகு கணவனும் மனைவியும் பிரிந்தார்கள். குழந்தைகள் அப்பாவோடு இருந்தார்கள். முட்டை கொடுத்த சித்தியும் அதே வீட்டில் இருந்தார். அவர்தான் உண்மையான தாய், அவருக்கும் உரிமை உண்டு என்று கணவர் தரப்பு வாதாடியது. நீதிமன்றம் ஏற்கவில்லை. முட்டை கொடுத்தவரை அதிகபட்சம் மரபணு வழித் தாய் எனலாம், அதனால் பெற்றோர் உரிமை வந்துவிடாது என்று சொல்லி, அம்மா தன் பிள்ளைகளைப் பார்க்க அனுமதி கொடுத்தது. அந்தக் குழந்தைகள் 2021 சட்டத்துக்கு முன் பிறந்தவர்கள் என்பதால், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2005 வழிகாட்டுதல்களை வைத்துத்தான் முடிவு செய்தார்கள். என் மகளும் அந்தக் காலத்துக் குழந்தைதான். அந்தத் தீர்ப்புச் செய்தியைப் படித்த அன்று எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

பத்து மாதம் சுமந்தால் என் ரத்தமும் கலந்துவிடும் இல்லையா?

டோனர் முட்டைக்குப் போகும் பெண்கள் முதலில் கேட்பது இதைத்தான், நானும் கேட்டேன். உண்மையை உண்மையாகவே சொல்கிறேன். தாயின் ரத்தமும் குழந்தையின் ரத்தமும் நேரடியாகக் கலப்பதில்லை. நஞ்சுக்கொடியின் மெல்லிய சவ்வு வழியாகச் சத்தும் ஆக்சிஜனும் நோய் எதிர்ப்புப் பொருள்களும் போகும். கொஞ்சம் செல்கள் இரண்டு பக்கமும் கடந்து போவதும் உண்டு. பிரசவமாகிப் பல வருடம் கழித்தும் தாயின் உடம்பில் குழந்தையின் செல்களைக் கண்டிருக்கிறார்கள். கருப்பையின் சூழல் குழந்தையின் சில மரபணுக்கள் வேலை செய்யும் விதத்தைப் பாதிக்கும்.

ஆனால் மரபணு டோனருடையதுதான். "உன் வயிற்றில் வளர்ந்தால் எல்லாம் உன்னுடையதாக மாறிவிடும்" என்று ஆறுதலுக்குச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆறுதலைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். அதைப் பிடித்துக்கொண்டால் குழந்தையிடம் சொல்ல வேண்டிய நேரத்தில் வாய் வராது.

டோனரின் ஜாதியைக் கேட்கலாமா?

கேட்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். கேட்காதீர்கள். முட்டையிலும் விந்தணுவிலும் ஜாதி கிடையாது. உங்களுக்கு ஒரு குழந்தை கிடைக்க யாரோ ஒருவர் ஊசி போட்டுக்கொண்டு, மயக்க மருந்து எடுத்துக்கொண்டு படுக்கிறார். அவரிடம் கேட்க இது கேள்வியே அல்ல.

குழந்தைக்கு எங்கள் உறவுமுறை எல்லாம் பொருந்துமா? தாய்மாமன், பங்காளி, குலதெய்வம்?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எனக்கு உள்ளுக்குள் பெரிய பாரமாக இருந்தது இதுதான்.

நம் உறவுமுறையை ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். அப்பாவின் தம்பி மகள் ஒருத்தி, அம்மாவின் தம்பி மகள் ஒருத்தி. மரபணுக் கணக்கில் இருவரும் ஒரே தூரம். இருவரோடும் பங்கு ஏறக்குறைய எட்டில் ஒன்று. ஆனால் நாம் சித்தப்பா மகளைத் தங்கை என்கிறோம், மாமா மகளை முறைப்பெண் என்கிறோம். ஒருத்தியைக் கட்டிக்கொள்ள நினைப்பதே பாவம். இன்னொருத்தியைக் கட்டவில்லையென்றால் மாமன் வீட்டில் மனத்தாங்கல். ஒரே குலதெய்வம் கும்பிட்டால், எத்தனை தலைமுறை தள்ளி இருந்தாலும், ரத்தத் தொடர்பைக் காட்டவே முடியாவிட்டாலும், பங்காளி. பெண் கொடுக்கல் வாங்கல் இல்லை. கிராமத்தில் வேறு ஜாதிக்காரரைக்கூட முறை வைத்து மாமா, சித்தப்பா, அப்பத்தா என்றுதான் கூப்பிட்டு வளர்ந்தோம். நம் ஊரில் முறை என்பது ரத்தத்தை மட்டும் அளந்து போட்ட கணக்காக ஒருநாளும் இருந்ததில்லை. யார் யாருக்கு என்ன செய்ய வேண்டும், யார் மடியில் யார் உட்கார வேண்டும் என்பதுதான் முறை. பெரிய ஆராய்ச்சியாளர்கள் திராவிட உறவுமுறை என்று தனியாகப் பெயரிட்டு எழுதியிருப்பதும் இந்த ஏற்பாட்டைப் பற்றித்தான்.

என் மகளுக்கு ஒரு வயதில் குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்தினோம். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். தாய்மாமன் என்றால் என் அண்ணன். என் முட்டையே இல்லாதபோது என் அண்ணனுக்கும் அவளுக்கும் மரபணுவில் ஒரு தொடர்பும் கிடையாது. அண்ணனுக்கு அதுவரை விஷயம் தெரியாது. தெரியாமல் மடி கொடுக்க வைப்பது அவரை ஏமாற்றுவது போல எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. முதல் நாள் ராத்திரி சமையல்கட்டில் வைத்துச் சொன்னேன். கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "தோடு ரெண்டு கிராம்ல எடுத்திருக்கேன், போதுமா? சின்னதாத் தெரியுமோ?" என்று கேட்டார். மறுநாள் காலையில் ஆசாரி ஊசியை எடுத்தபோது குழந்தையைவிட அவர் முகம்தான் அதிகம் சுருங்கியது.

பொருந்துமா என்று கேட்டீர்கள். பொருந்தும். ஆனால் அவரிடம் சொன்ன பிறகுதான் எனக்கு அது பொருந்தியது.

"யார் ஜாடை?" என்று எல்லோரும் கேட்கிறார்களே, என்ன சொல்வது?

"அவ ஜாடை" என்று சொல்லுங்கள். தெருவில் போகிறவருக்கெல்லாம் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ரகசியம் வேறு, அந்தரங்கம் வேறு. குழந்தைக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஊருக்குத் தெரிய வேண்டுமா என்பதை வளர்ந்த பிறகு குழந்தை முடிவு செய்யட்டும்.

ஒரே டோனரின் பிள்ளைகள் தெரியாமல் கல்யாணம் செய்துகொண்டுவிட்டால்?

இப்போதைய சட்டப்படி ஒரு டோனரின் முட்டையையோ விந்தணுவையோ ஒரு தம்பதிக்கு மேல் கொடுக்கக் கூடாது. முட்டை கொடுக்கும் பெண் வாழ்நாளில் ஒரு முறைதான் கொடுக்கலாம். ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. பிரிட்டனில் ஒரு டோனருக்குப் பத்துக் குடும்பம் வரை அனுமதி. அதோடு ஒப்பிட்டால் நம் விதி ரொம்ப இறுக்கம். 2022-க்கு முன் இந்த மாதிரிக் கட்டுப்படுத்தும் சட்டம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கணக்குப்படி வாய்ப்பு மிகக் குறைவு. ஆனாலும் முறை பார்த்துக் கல்யாணம் பேசுகிற ஊரில் இந்தப் பயம் இயல்பானது. கல்யாண வயதில் பிள்ளைக்கு உண்மை தெரிந்திருந்தால், சந்தேகம் வந்தால் ஒரு டி.என்.ஏ. சோதனை செய்து பார்த்துக்கொள்ளலாம். தெரியாத பிள்ளைக்குச் சந்தேகமே வராது.

இவ்வளவு ரகசியம் எங்கிருந்து வந்தது?

டாக்டர்களிடமிருந்துதான் தொடங்கியது. பதிவாகியிருக்கும் பழைய டோனர் சிகிச்சை 1884-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் நடந்தது. வில்லியம் பான்கோஸ்ட் என்ற டாக்டர், குழந்தையில்லாமல் வந்த ஒரு வியாபாரியின் மனைவிக்குக் குளோரோஃபார்ம் கொடுத்து மயக்கி, தன் மாணவன் ஒருவனின் விந்தணுவைச் செலுத்தினார். கணவனிடம் பிறகு சொன்னார். அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டாம் என்று இரண்டு ஆண்களும் சேர்ந்து முடிவு செய்தார்கள். 25 வருடம் கழித்து, 1909-ல், அங்கே இருந்த மாணவர்களில் ஒருவர் மருத்துவப் பத்திரிகைக்கு எழுதிய பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. சுமந்து பெற்றவளுக்கே தெரியாமல் ஒரு குழந்தை! ரகசியத்தின் முதல் அத்தியாயம் இப்படித்தான் இருக்கிறது.

எங்களுக்குச் சிகிச்சை கொடுத்த இடத்திலும் கவுன்சிலிங் என்று பத்து நிமிஷம் உட்கார வைத்து, "இந்த ரூமோட மறந்துடுங்க, யார்கிட்டயும் சொல்ல வேண்டாம், குழந்தைகிட்ட கண்டிப்பா வேண்டாம்" என்றார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். கையெழுத்து வாங்க வேண்டிய படிவம் மட்டும் எட்டு இருந்தது. குழந்தையின் தரப்பிலிருந்து யோசித்து ஒரு வார்த்தைகூட அந்தப் பத்து நிமிஷத்தில் வரவில்லை.

சரி, குழந்தையிடம் கட்டாயம் சொல்லத்தான் வேண்டுமா?

எந்தச் சட்டமும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. நான் சொல்கிறேன்: சொல்லுங்கள்.

இரண்டு விஷயத்தை நாம் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். டோனர் யார் என்பது ஒன்று. டோனர் ஒருவர் இருந்தார் என்பது இன்னொன்று. முதலாவது நம் கையில் இல்லை, சட்டம் பூட்டி வைத்திருக்கிறது. இரண்டாவது முழுக்க நம் கையில் இருக்கிறது. முதல் பூட்டைக் காரணம் காட்டி இரண்டாவதையும் பூட்டிவிடுகிறோம். "யார் என்று சொல்ல முடியாதபோது சொல்லி என்ன பயன்" என்று என்னிடம் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். குழந்தை தன்னைப் பற்றிப் பொய் தெரிந்து வளரவில்லை என்பதே பயன்.

மகாபாரதம் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. பாண்டவர்கள் ஐவரும் பாண்டுவுக்குப் பிறந்தவர்கள் அல்ல. அது அவர்களுக்கும் தெரியும், அவைக்கும் தெரியும். ஆனாலும் அவர்கள் பாண்டுவின் பிள்ளைகள்தான், பாண்டவர்கள்தான். அதே வீட்டுக் கதையில் கர்ணனுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. போர் வாசலுக்கு வந்த பிறகு கண்ணன் சொல்கிறான், அப்புறம் குந்தி வருகிறாள். பிறந்த விதத்தில் இவர்களுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. எப்போது தெரிந்தது என்பதில்தான் எல்லாம் மாறிப்போகிறது.

இன்றைய ஆய்வும் அந்தப் பக்கமே கை காட்டுகிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சூசன் கோலம்போக் குழுவினர் டோனர் முட்டை, டோனர் விந்தணு, வாடகைத் தாய் மூலம் பிள்ளை பெற்ற 65 குடும்பங்களைக் குழந்தைப் பருவத்திலிருந்து 20 வயது வரை தொடர்ந்து பார்த்து 2023-ல் வெளியிட்டார்கள். மற்றக் குடும்பங்களோடு ஒப்பிட்டால் அந்தப் பிள்ளைகளின் மனநலத்தில் குறை இல்லை. ஏழு வயதுக்குள் விஷயம் தெரிந்த பிள்ளைகளுக்கு அம்மாவோடு உறவு இன்னும் நன்றாக இருந்தது.

எப்படிச் சொன்னீர்கள்? என்ன வயதில்?

நாலு வயது இருக்கும். ராத்திரி பாலுக்கு உறை ஊற்ற வந்தேன், வீட்டில் உறைமோர் தீர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு கரண்டி வாங்கி வரச் சொல்லி இவளைத்தான் அனுப்பினேன். வாங்கி வந்து, நான் ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "இது அத்தை வீட்டுத் தயிரா, நம்ம வீட்டுத் தயிரா?" என்று கேட்டாள். பால் நம்முடையது, பாத்திரம் நம்முடையது, உறை மட்டும் அவங்க கொடுத்தது, காலையில் நம் வீட்டுத் தயிர் என்றேன். சொல்லி முடித்ததும், இதைவிட நல்ல நேரம் வராது என்று தோன்றியது. "நீயும் இப்படித்தான். அம்மாகிட்ட இருந்த முட்டையில பாப்பா வளரல. ஒரு ஆன்ட்டி அவங்க முட்டை ஒண்ணு குடுத்தாங்க. அப்பாவோட விதையும் சேர்ந்து நீ என் வயித்துல வளந்த" என்றேன்.

"கோழி முட்டை மாதிரியா?" என்றாள். கண்ணுக்கே தெரியாத குட்டி முட்டை என்றேன். "ம்" என்று சொல்லிவிட்டு டி.வி. பார்க்கப் போய்விட்டாள். எனக்குத்தான் அடுப்படியில் கால் நடுங்கிக்கொண்டிருந்தது.

ஒரே தடவையில் முடிகிற பேச்சு இல்லை இது. ஆறு வயதில் ஒரு மாதிரிக் கேட்டாள், எட்டு வயதில் வேறு மாதிரி. சின்ன வயதில் தொடங்கினால் நீங்களும் பேசிப் பழகிவிடுவீர்கள். பதினைந்து வயதுப் பிள்ளையை உட்கார வைத்து, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு தொடங்காதீர்கள். ஏற்கெனவே வளர்ந்துவிட்டது என்றால்? அப்போதும் சொல்லத்தான் வேண்டும். கோபத்துக்கு இடம் கொடுத்து, "முன்பே சொல்லியிருக்க வேண்டும், தப்புதான்" என்று ஒப்புக்கொண்டு சொல்லுங்கள்.

நாங்கள் சொல்லாவிட்டால் அவனுக்கு எப்படித் தெரியப்போகிறது?

பள்ளி அடையாள அட்டையில் ரத்தப் பிரிவு அச்சடித்திருக்கும். அப்பா அம்மா இருவரும் ஓ பிரிவு, பிள்ளை ஏ பிரிவு என்றால், உயிரியல் பாடம் படித்ததும் அவனே கணக்குப் போட்டுவிடுவான். டோனரின் ரத்தப் பிரிவைப் பொருத்திப் பார்த்துக் கொடுப்பதில், ஆர்.ஹெச். (ரத்தப் பிரிவோடு பாசிட்டிவ், நெகட்டிவ் என்று வருவது) விஷயம் தவிர, மருத்துவக் காரணம் பெரிதாக இல்லை. இந்த இடத்தில் மாட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான்.

அதைத் தாண்டினாலும் டி.என்.ஏ. சோதனை இருக்கிறது. ஒரு குழாயில் எச்சில் துப்பி அனுப்பினால் உறவினர் பட்டியல் வருகிறது. 2018-ல் வந்த ஓர் ஆய்வு, ஐரோப்பிய வம்சாவளி அமெரிக்கர்களில் சுமார் 60 சதவீதம் பேருக்கு, ஒரே எள்ளுத்தாத்தா வழியில் வந்த உறவினராவது அந்தப் பட்டியலில் கிடைப்பார் என்று கணக்கிட்டது. அந்த ஒரு நூலைப் பிடித்து ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். டோனர் சோதனை செய்திருக்கவே வேண்டாம், அவருடைய ஒன்றுவிட்ட அண்ணன் செய்திருந்தால் போதும். நம் ஊரில் இன்னும் அவ்வளவு பேர் செய்யவில்லை. ஆனால் டொரன்டோவிலும் லண்டனிலும் நம் சொந்தக்காரர்கள் பிறந்தநாள் பரிசாக அந்தச் சோதனைப் பெட்டியை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொன்று. குழந்தைக்குக் காய்ச்சல் என்று போனாலே டாக்டர் கேட்பார்: "வீட்டுல யாருக்காவது சுகர், ஆஸ்துமா, இதய நோய்?" என் பக்கத்துக் கதையைச் சொன்னால் அது அவளுக்குப் பொருந்தாது. நான் இப்போது "அம்மா வழி தெரியாது, டோனர் முட்டை" என்று நேராகச் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கொண்டது. டாக்டர் தலையாட்டி எழுதிக்கொண்டார், அவ்வளவுதான்.

மற்ற நாடுகளில் குழந்தைக்கு உரிமை இருக்கிறதா?

இருக்கிறது, இன்னும் கூடிக்கொண்டே போகிறது. ஸ்வீடன் 1985-லேயே டோனர் பெயரை மறைப்பதைச் சட்டம் போட்டு நிறுத்தியது, உலகத்திலேயே முதலில். பிரிட்டனில் 2005 ஏப்ரல் 1-க்குப் பிறகு பதிவு செய்த டோனர்களின் பிள்ளைகள் 18 வயதில் பெயரையே கேட்டு வாங்கலாம். அப்படி முதல் பிள்ளைகளுக்கு 18 வயது ஆனது 2023-ல். ஜெர்மனி 2018-ல் தேசிய அளவில் பதிவேடு தொடங்கியது. பிரான்ஸில் 2022 செப்டம்பரிலிருந்து, 18 வயதில் கேட்டால் டோனர் யார் என்று சொல்லும் முறை.

எனக்கு மனதில் நிற்பது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம். அங்கே நரேல் கிரெக் என்ற பெண் பதினைந்து வருடத்துக்கும் மேலாகத் தன் டோனர் அப்பாவைத் தேடினார். குடல் புற்றுநோய் வந்து முற்றிய பிறகுதான் அவரைச் சந்திக்க முடிந்தது. சில வாரங்களில், 2013-ல், இறந்துபோனார். அவர் போராட்டத்தின் தொடர்ச்சியாக 2017 மார்ச்சில் ஒரு சட்டம் வந்தது. எந்த வருடம் கொடுத்த டோனராக இருந்தாலும், பெயர் மறைக்கப்படும் என்று அன்று வாக்குக் கொடுத்திருந்தாலும், பிள்ளை கேட்டால் விவரம் தர வேண்டும். தொடர்பு வேண்டாம் என்றால் டோனர் அதைப் பதிவு செய்துகொள்ளலாம். கொடுத்த வாக்கைப் பின்னால் மாற்றுவது நியாயமா என்று அங்கே பெரிய விவாதம் நடந்தது. டோனர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, எனக்கு அது புரிகிறது. ஆனால் அந்த வாக்கைக் கொடுத்தவர்களும் வாங்கியவர்களும் பெரியவர்கள். யாருடைய வாழ்க்கையைப் பற்றி வாக்குக் கொடுத்தார்களோ அந்தப் பிள்ளையை யாரும் கேட்கவில்லை.

இந்தியாவில் என் மகன் 18 வயதில் கேட்டால் என்ன கிடைக்கும்?

2005 வழிகாட்டுதல்களில், 18 வயதானால் பெயர், முகவரி தவிர மற்ற விவரங்களைக் கேட்கலாம் என்று இருந்தது. 2021 சட்டத்தில் குழந்தைக்கு என்று அப்படி ஓர் உரிமையை எழுதவில்லை. நீதிமன்றம் என்ற வாசல் மட்டும் திறந்திருக்கிறது.

இதில் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. தத்தெடுத்த பிள்ளை தன் வேரைத் தேடலாம் என்று நம் தத்தெடுப்பு விதிகளே சொல்கின்றன. அதற்கு முறையும் வகுத்திருக்கிறார்கள். டோனர் வழியில் பிறந்த பிள்ளைக்கு மட்டும் அந்தக் கேள்வியே வராது என்று சட்டம் நினைத்துக்கொண்டிருக்கிறது. விவரம் இல்லாமலா இருக்கிறது? ஆதார் எண்ணோடு இருக்கிறது. சிகிச்சை ஆவணங்களைப் பத்து வருடம் வைத்திருந்து, பிறகு தேசியப் பதிவேட்டுக்கு அனுப்ப வேண்டும். இடையில் மருத்துவமனையை மூடினால் உடனே அனுப்ப வேண்டும். எல்லாம் ஓர் இடத்தில் பத்திரமாக இருக்கிறது, யாரைப் பற்றியதோ அந்தப் பிள்ளையின் கைக்கு மட்டும் எட்டாமல். பெயர் வேண்டாம், குறைந்தபட்சம் நோய் வரலாறாவது 18 வயதில் கேட்டால் கிடைக்க வேண்டும். சட்டத்தைத் திருத்தும் நாள் வந்தால் முதல் திருத்தம் இதுவாக இருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது: டோனர் எண், வங்கியின் பெயர், பதிவு எண், கொடுத்த விவரத் தாள், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு, வீட்டுப் பத்திரம் வைக்கும் இடத்தில் வையுங்கள். "எதற்கு வேண்டாத பேப்பர்" என்று கிழித்துப் போட்டவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர்.

நாங்கள் லண்டனில் இருக்கிறோம், சிகிச்சை சென்னையில். எந்தச் சட்டம்?

சிகிச்சை நடக்கும் நாட்டுச் சட்டம். பிரிட்டனின் பதிவேட்டில் அங்கே உரிமம் பெற்ற மருத்துவமனைகளின் விவரம்தான் இருக்கும். சென்னையில் உருவான குழந்தை லண்டனில் வளர்ந்து, 18 வயதில் தன் வகுப்புத் தோழர்களைப் போலப் போய்க் கேட்டால் அங்கே ஒன்றும் இருக்காது. டிக்கெட் எடுக்கும் முன் இதை யோசியுங்கள்.

டோனர் விந்தணுவுக்குப் போகிறோம். சொல்லவே கூடாது என்கிறார் கணவர்.

ஆணிடம் குறை என்றால் இந்த ஊர் பேசும் பேச்சு அவருக்குத் தெரியும். அந்தப் பயத்தைத் தள்ளிவிடாதீர்கள். ஊருக்குச் சொல்லப் போவதில்லை, பிள்ளைக்கு மட்டும்தான் என்று பொறுமையாகப் பேசுங்கள். எவ்வளவு நாளானாலும் சிகிச்சைக்கு முன்பே பேசி முடியுங்கள். பின்னால் சண்டையில் ஆயுதமாக வெளியே வருவதைவிட மோசம் வேறில்லை.

முட்டை கொடுக்கும் பெண்ணைப் பற்றி யாரும் பேசுவதில்லையே?

ஆமாம். பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி, மயக்க மருந்து, முட்டையை எடுத்தல். சிலருக்கு வயிறு வீங்கி உயிருக்கே ஆபத்தாகிறது. சட்டம் விற்பனையைத் தடை செய்து, அந்தப் பெண்ணுக்குக் காப்பீடு எடுக்கச் சொல்கிறது. முட்டை கொடுக்க வயது 23 முதல் 35 வரை. 2022-ல் ஈரோட்டில் வெளிவந்தது என்ன? 16 வயதுச் சிறுமிக்குப் போலி ஆதாரில் வயதைக் கூட்டி, பல தடவை முட்டை எடுக்க வைத்திருந்தார்கள். பெற்ற தாயே கைதானார். அந்தச் செய்தி வந்த வாரம் என் பாதித் தாளை எடுத்து, "வயது 26" என்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெயர் மறைப்பு டோனரைக் காப்பாற்றுகிறது என்கிறோம். அந்தச் சிறுமியைச் சுரண்டியவர்களுக்கும் அதே மறைப்புதான் வசதியாக இருந்தது. மருத்துவமனையிடம் கேளுங்கள்: வங்கி பதிவு பெற்றதா, டோனருக்குக் காப்பீடு எடுத்தாயிற்றா, அவர் சம்மதப் படிவத்தை அவருக்குப் புரிந்த மொழியில் கொடுத்தார்களா? பில் கட்டுவது நாம். கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது.

உங்கள் மகள் இப்போது டோனரைப் பற்றிக் கேட்கிறாளா?

எப்போதாவது. "உன்னை எனக்குப் பிடிக்கலைன்னா அந்த ஆன்ட்டி வீட்டுக்குப் போயிடுவேன்" என்று ஒரு தடவை சண்டையில் சொன்னாள். வலித்தது. ஆனால் பக்கத்து வீட்டுப் பெண் இதே சண்டையில் பாட்டி வீட்டுக்குப் போவதாகச் சொல்வாள் என்பதும் ஞாபகம் வந்தது.

போன மாதம் ஃபைலைக் கேட்டு வாங்கி அந்தத் தாளைத் தானே படித்தாள். 158 செ.மீ. என்பதைச் சுவரில் பென்சிலால் குறித்து, பக்கத்தில் நின்று பார்த்தாள். அப்புறம் கடைசி வரிக்கு வந்தாள். ஒரு குழந்தை, வயது 4. விரல் விட்டு எண்ணினாள். "அந்த ஆன்ட்டியோட பாப்பா இப்போ ஒன்பதாவது படிக்கும்மா" என்றாள். அது அக்காவா அண்ணனா என்று கேட்டாள். தாளில் எழுதவில்லை என்றேன். நகல் ஒன்று கேட்டாள், எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அதை ஜாமெட்ரி பாக்ஸில் மடித்து வைத்திருக்கிறாள். சுவரில் அந்தப் பென்சில் கோடு இன்னும் இருக்கிறது, அடுத்த தடவை வெள்ளை அடிக்கும்போது அந்த இடத்தை விட்டுவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள்.